ரொறன்ரோவுக்குப் போனவர்

காலைத் தேத்தண்ணியைக் கட்டிலடிக்குக் கொண்டுவரக் கூடாது என்பது ஞானசுந்தரத்தின் கட்டளை. தேத்தண்ணி குசினி மேசையில் இருக்கும். அவர்தான் அதனிடம் போவார். ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்த நாள் தொடக்கம் இதுதான் நடைமுறை. சீதேவி கோப்பையை மேசையில் வைத்து, ஒரு சின்னத் தட்டால் மூடிவிட்டு, கதவு நிலையில் சாய்ந்தபடி புருசனைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஓடிப்போய்ப் பிடிக்க அவளுக்குக் கை துடிக்கும். பிடித்தாலோ அவர் சத்தம் போடுவார்.

முதலில் கட்டில் ஓரத்துக்கு அரக்கி அரக்கி வருவார். வழங்காத இடது காலை வலக்கையால் தூக்கி, கணுக்காலுக்குப் பின்னால் பிளாஸ்ரிக் பட்டையை வைத்துக் கட்டி, சப்பாத்துக்குள் செருகுவார். நாலுகால் பொல்லை ஊன்றி எழும்புவார். பிறகு, "குதி முதல்ல, குதி முதல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடப்பார். குதிக்கால்தான் முதலில் நிலத்தில் படவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கால் கேட்டால்தானே! சில நாள் கேட்கும், சில நாள் சண்டித்தனம் பண்ணும். அவர் குசினிக்குப் போய்ச் சேரும்போது தேத்தண்ணி ஆறிப்போயிருக்கும். அதை ஒரே மிடறில் குடித்துவிட்டு, "இண்டைக்கு நல்ல ருசிகா" என்பார்.

ஞானசுந்தரம் ஊரில் பஸ் கொண்டக்டர். மட்டக்களப்பு கல்முனை ரோட்டில், குண்டும் குழியுமாய்க் குலுங்குகிற பஸ்ஸுக்குள் ஒரு கம்பியையும் பிடிக்காமல் ஆசனங்களுக்கு நடுவில் நின்று டிக்கற் கிழித்தவர். கனடாவுக்கு வந்த இரண்டாவது குளிர்காலத்தில், மொன்றியல் நகரத்து லாசாலில் ஒரு பெட்டி அடிக்கிற தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு நின்றபோது, இடது பக்கம் அப்படியே விழுந்துவிட்டது. பாரிசவாதம். அது எண்பத்தேழாம் ஆண்டு தை மாதம். வாய் தப்பியது, கையும் காலும் போயின. கோட்-டெ-நெய்ஜில் வீட்டுக்குக் கிட்டவே பெரிய ஆஸ்பத்திரி. அங்கே வைத்து, குழந்தைக்குப் பழக்குவதுபோல் நிற்கவும் நடக்கவும் பழக்கி, பங்குனி மாதக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அனுப்பும்போது டொக்டர் சொன்னதை, அதே மாடியில் கடைசி வீட்டில் இருக்கும் திருகோணமலை திரேசம்மாதான் கேட்டுத் தமிழில் சொன்னாள். "இஞ்ச கேள் சீதேவி. இந்தக் கோடை முடியுமட்டும் விடாமப் பழக்கினா, பொல்லைப் பிடிச்சுக்கொண்டு தானா வெளிய போய் பஸ் ஏறுவாராம். வீட்டுக்கே ஒரு ஆள் வந்து பழக்குவாவாம். ஆனா இந்த மாசங்களை விட்டா, பிறகு கால் சொல்லுக் கேளாதாம். அதை வடிவாச் சொல்லச் சொன்னவர்."

சீதேவி வடிவாகத்தான் கேட்டாள். அவள் கேட்டதைவிட ஞானசுந்தரம் இன்னும் வடிவாகக் கேட்டார். அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. இரண்டு பெண்பிள்ளைகளும் ஊரில், சீதேவியின் அக்கா வீட்டில் நிற்கிறார்கள். அகதிக் கேஸ் சரிவந்தால் கூப்பிடலாம். "பிள்ளைகள் வந்து இறங்கக்குள்ள நான் கதிரையில குந்திக்கிட்டு இரிக்க ஏலா. நடந்து போய்க் கூட்டிக்கிட்டு வரணும்," என்று நாளுக்கு ஒருதரம் சொல்லுவார். சொல்லிவிட்டு எழும்பி இன்னொருதரம் குசினிக்குப் போய் வருவார்.

இப்படி நல்லாய்ப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் பேரின்பநாதன் குலைகுலையாய் முந்திரிகைப் பழம் நிரப்பிய பையோடு சுகம் பார்க்க வந்தார்.

பேரின்பநாதனைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரர். எண்பத்து மூன்றில் வந்தவர். அந்தக் கட்டடத்துக்கு முதன்முதல் குடிவந்த தமிழர் அவர்தான். பிறகு வந்தவர்களுக்கு வீடு பிடித்துக் கொடுத்ததும், வேலைக்குக் கூட்டிப்போனதும், எந்த பஸ் எங்கே போகும் என்று காட்டினதும் அவர்தான். இங்கிலிஷும் தெரியும், பிரெஞ்சும் ஓரளவு தெரியும். நல்ல மனிசன். கேடு அதுதான். கெட்டவன் ஒரு பொய்யைச் சொன்னால் ஆர் நம்பப் போகிறார்கள்? நல்லவன் வாயால் வந்தால் அது வேதவாக்காகிவிடுகிறது.

"அண்ணை நடக்கிறார் போல கிடக்கு!" என்று சந்தோசமாகத்தான் தொடங்கினார்.

"ஓம் அண்ணன். நடக்கிறார். இனி ஆஸ்பத்திரியால ஆள் வீட்டுக்கு வந்து பழக்குவாவாம்," என்றாள் சீதேவி.

பேரின்பநாதனின் முகம் மாறிற்று. முந்திரிகைப் பழத்தை மேசையில் வைத்துவிட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார். "ஆளோ? வீட்டுக்கோ? தங்கச்சி, உங்கடை கேஸ் முடிஞ்சிட்டுதே?"

"இல்ல. இன்னும் விசாரணைக்கே கூப்பிடல்ல."

"அப்ப என்ன உந்த விளையாட்டு? ஏலாத ஆளை இந்த நாடு என்னத்துக்கு வைச்சிருக்கும்? ஆஸ்பத்திரியும் கவுண்மேந்து, இமிக்கிறேசனும் கவுண்மேந்து. ஒரு கை எழுதிறதை மற்றக் கை வாசிக்காதோ? வீட்டை வாறவள் என்னத்தைப் பார்ப்பாள், ஆருக்குச் சொல்லுவாள் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

ஞானசுந்தரம் பொல்லைப் பிடித்தபடி நின்றார். "அப்ப என்ன செய்யிற தம்பி?"

"கேஸ் முடியுமட்டும் நீங்கள் இஞ்சை இல்லை. ரொறன்ரோவிலை சொந்தக்காரர் வீட்டை போயிட்டார் எண்டு சொல்லுங்கோ. சக்கெண்டு நம்புவினம். பேந்து ஆறுதலாப் பழக்கலாம். ஒருத்தருக்கும் மூச்சு விடாதையுங்கோ, ஓம்? திரேசம்மா அக்காவுக்கும் வேண்டாம். அவ நல்லவ, ஆனா வாய் நிக்காது."

அவர் போனபிறகு புருசனும் பெண்சாதியும் அந்த முந்திரிகைப் பழத்தைத் தொடவில்லை. ஞானசுந்தரம், "அவர் சும்மா வெருட்டுறார்" என்று சொல்லிப் பார்த்தார். ஆனால் அவர் குரலிலேயே அந்தச் சொல்லுக்குப் பலம் இல்லை. பிள்ளைகள் அங்கே. கேஸ் தவறினால் இவர்களும் அங்கே. அங்கே திரும்பிப் போவது என்றால் என்ன என்று அவர்களுக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அடுத்த கிழமை கதவு தட்டப்பட்டது.

மூன்று தட்டு. மெதுவான தட்டுத்தான். ஆனால் சீதேவி கழுவிக்கொண்டிருந்த கோப்பையோடு அப்படியே நின்றாள். எண்பத்தைந்தில் ஒரு விடியக்காலை, ஊரில் அவள் வீட்டுக் கதவும் இப்படித்தான் தட்டப்பட்டது. திறந்தாள். ஆமிக்காரன் ஒருவன் கையில் ஒரு கடதாசித் துண்டோடு நின்று, அவள் தம்பியின் பெயரைச் சொல்லி, "இருக்கா?" என்றான். பொய் சொல்லத் தெரியாத சீதேவி, "ஓம், பின்னால குளிக்கிறான்" என்றாள். கிருபானந்தன் தலையில் சவுக்காரத்தோடு ஜீப்பில் ஏறினான். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் ஒருவரும் இல்லை. 'ஓம்' என்ற அந்த ஒரு சொல்லுக்காக அவள் தன் வாயில் எத்தனைதரம் அடித்துக்கொண்டாள் என்பதை ஞானசுந்தரம் அறிவார்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? அன்றைக்கு இருவரும் கதவைத் திறக்கவில்லை. சீதேவி குழாயைப் பூட்டினாள். ஞானசுந்தரம் சாய்கதிரையில் இருந்தபடி மூச்சை அடக்கினார். வெளியே ஒரு பெண் குரல், "போன்ஜூர்... மிஸ்டர் ஞானா... சுந்தா..." என்று அவர் பெயரைக் கடித்துக் குதறிக்கொண்டு நின்றது. பிறகு சப்பாத்துச் சத்தம் படியிறங்கிப் போயிற்று. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஐயோ, சிரித்தார்கள்.

ஆனால் அந்தப் பெண் விடுகிற ஆள் இல்லை. சில நாள் கழித்துத் திரும்பவும் வந்தாள். அன்றைக்கென்று சீதேவி குப்பைப் பையை வெளியே வைத்துவிட்டு உள்ளே வருகிற நேரம், கதவை முழுக்கச் சாத்த முன்னர் படியால் ஏறி வந்துவிட்டாள். சீதேவி சங்கிலியைக் கொழுவிக்கொண்டு இடுக்கால் பார்த்தாள். செம்பட்டைத் தலைமயிர், மூக்கெல்லாம் புள்ளி, தோளில் ஒரு பை. கையில் ஒரு துண்டு, அதில் ஒரு பெயர்.

உள்ளே, அறை வாசலில், ஞானசுந்தரம் நின்றுகொண்டிருந்தார். குரல் கேட்டுத் தானாகவே கட்டிலை விட்டு எழும்பி, பொல்லும் பிடிக்காமல், சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் வந்திருந்தார். இதுவரை ஒருநாளும் பொல்லு இல்லாமல் அவர் நடந்ததில்லை. சீதேவி திரும்பிப் பார்த்தாள். அவர் கண்ணில் ஒரு கேள்வி இருந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் கையை அசைத்து, போங்க, உள்ளே போங்க என்று காட்டினாள். அவர் போனார்.

"ஹஸ்பென்ட் நோ," என்றாள் சீதேவி அந்தப் பெண்ணிடம். "ரொறன்ரோ. கோ ரொறன்ரோ."

"ரொறன்ரோ?" என்று அந்தப் பெண் கண்ணை விரித்தாள். பிறகு அவள் முகம் முழுக்கச் சிரிப்பாயிற்று. அவ்வளவு தூரம் பயணம் போகிற அளவுக்கு மனிசன் தேறிவிட்டாரா! இரண்டு விரலால் நடப்பதுபோல் காட்டி, "ஹீ வாக்ஸ்? குட்! வெரி குட்!" என்று சொல்லி, சங்கிலி இடுக்கால் சீதேவியின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனாள். பிறகு அவள் வரவில்லை. நடக்கிறவரைத் தேடி ஏன் வரவேண்டும்?

ஒரு பொய்க்குச் சாப்பாடு போட்டால் அது குடும்பத்தோடு வந்து குந்திக்கொள்ளும். ரொறன்ரோவுக்குப் போனவர் மொன்றியலில் யன்னலடியில் நிற்கலாமா? கூடாது. ஆகவே யன்னல் திரை இழுக்கப்பட்டது. வீட்டில் இல்லாத மனிசனின் பொல்லு நிலத்தில் 'டொக் டொக்' என்று கேட்கலாமா? கீழ்வீட்டு வெள்ளைக்காரக் கிழவன் கட்டடக் காவலாளியிடம் சொல்லிவிட்டால்? ஆகவே காலை நடை குறைந்தது. ஆஸ்பத்திரியில் திரும்பக் காட்டவேண்டிய நாள் வந்தது, போகவில்லை. படியில் கண்ட திரேசம்மா, "வந்து பழக்குறாவா?" என்று கேட்டாள். "ஓம் அக்கா, வாறா," என்றாள் சீதேவி. பொய் சொல்லத் தெரியாதவள் என்று ஊரில் பெயரெடுத்தவள் அவள்.

ரொறன்ரோக் கதை வெள்ளைக்காரருக்கு மட்டும்தான். வருத்தம் பார்க்க வந்த தமிழ் ஆட்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். நல்லெண்ணெயில் உள்ளியைக் காய்ச்சிப் பூசச் சொன்னார் ஒருவர். நரம்பு தளர்ந்த ஆள் அசையவே கூடாது, அசைந்தால் மற்றப் பக்கத்துக்கும் வரும் என்று இன்னொருவர். சீதேவி எண்ணெயும் பூசினாள், அசையாமலும் பார்த்துக்கொண்டாள். அன்பில் ஒரு குறையும் வைக்கவில்லை. சோற்றைக் குழைத்து வாயில் ஊட்டினாள்.

ஆனி மாதத்தில் ஒருநாள், அவள் கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கப் போயிருந்த நேரம், ஞானசுந்தரம் தனியே எழும்பி நடந்து பார்த்திருக்கிறார். பட்டையைக் கட்டவில்லை. கால் மடங்கி, குசினி வாசலில் முகங்குப்புற விழுந்தார். அவள் வந்து பார்த்தபோது வாயால் இரத்தம் வடியக் கிடந்தார். ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கொண்டுபோவது? ஆள்தான் ரொறன்ரோவில் அல்லவா? வீட்டிலேயே மஞ்சள் வைத்துக் கட்டினாள். "இனி எழும்பினீங்க எண்டா என்ன உசிரோட பாக்கமாட்டீங்க" என்று தலையில் அடித்து அழுதாள்.

அதற்குப் பிறகு அவர் எழும்பவில்லை. தேத்தண்ணி கட்டிலடிக்கு வரத் தொடங்கிற்று. கோடை வெயில் திரைச்சீலைக்கு வெளியே எரிந்தது. ஆட்கள் அரைக்கைச் சட்டையோடு பஸ் ஏறி வேலைக்குப் போனார்கள். ஞானசுந்தரத்தின் இடது பாதம் மெல்ல மெல்லக் கீழ்நோக்கி வளைந்து, குதி மேலே ஏறி, நடனக்காரியின் கால்போல நுனி விரலில் நின்றது. பட்டைக்குள் கால் நுழையவில்லை; சப்பாத்துக்குள்ளும் நுழையவில்லை. முழங்கால் மடங்கினது மடங்கினபடி கிடந்தது. சீதேவி அதை நீட்டப் பார்த்தால் மனிசன் அலறினார்.

ஒருநாள் அவர் சொன்னார்: "என்ட கால நீதான் திண்டுட்டாய்." சீதேவி கையிலிருந்த எண்ணெய்ப் போத்தலைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அவரே, "நானும்தானே மூச்ச அடக்கிக்கிட்டு இரிந்தன். என்ன குத்தம் சொல்லி என்ன," என்று சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பினார். பிள்ளைகள் வந்து இறங்குகிற கதையை அவர் எடுப்பதே இல்லை.

விசாரணைக்கு அழைப்பு வந்தது கார்த்திகையில், முதல் பனி விழுந்த கிழமை. வீடு இரண்டாம் மாடியில், லிஃப்ட் இல்லை. பேரின்பநாதனும் இன்னொரு பெடியனும் குசினிக் கதிரையில் வைத்து அவரைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். கொண்டக்டர் ஞானசுந்தரம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். பேரின்பநாதன் படி நெடுகலும், "அண்ணை, விழுந்து காலிலை நோ எண்டு மட்டும் சொல்லுங்கோ. வாதம் எண்டு சொல்லிப்போடாதையுங்கோ" என்று ஓதிக்கொண்டு வந்தார்.

விசாரணை நடந்தது. ஊரில் என்ன நடந்தது, ஏன் வெளிக்கிட்டீர்கள், தம்பியை எப்போது பிடித்தார்கள், இவைதான் கேள்விகள். காலைப் பற்றி ஒருவரும் வாயே திறக்கவில்லை. அதிகாரி எழும்பிவந்து கதிரையை மேசைக்குக் கிட்ட நகர்த்திக் கொடுத்து, தண்ணி வேண்டுமா என்று கேட்டார். முடிந்து வெளியே வந்ததும் அவர்களுடைய வழக்கறிஞர், ஒரு வயதான பெண், மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"இவருக்கு எங்கே வைத்தியம் நடக்கிறது?"

சீதேவி கட்டு அவிழ்ந்த மாதிரி எல்லாவற்றையும் சொன்னாள். முந்திரிகைப் பழம் வந்தது, கதவு தட்டினது, ரொறன்ரோ, எல்லாம். மொழிபெயர்ப்பாளர் சொல்லச் சொல்ல வழக்கறிஞர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் சொன்ன பதிலை மொழிபெயர்ப்பாளர் தரையைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னார்.

"அம்மா, ஊருக்குத் திரும்பிப் போனா உங்கட உயிருக்கு ஆபத்தோ இல்லையோ எண்டதுதானாம் கேள்வி. கால் நடக்குதோ இல்லையோ எண்டது கேள்வியே இல்லையாம். உங்களுக்கு இதை ஆர் சொன்னது எண்டு கேக்கிறா."

ஆர் சொன்னது? சொன்னவர் அந்த நீண்ட நடைபாதையின் மறுகோடியில், பனித்தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, கதிரையைத் தூக்குவதற்காகக் காத்துநின்றார்.

கண் கெட்ட பிறகுதான் சூரிய நமஸ்காரம். அடுத்த கிழமையே புருசனைக் கதிரையோடு படியிறக்கி, திரேசம்மாவையும் கையோடு கூட்டிக்கொண்டு சீதேவி ஆஸ்பத்திரிக்குப் போனாள். "என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே பிள்ளை, ஒரே ஒரு சொல்லு," என்று திரேசம்மா வழி முழுக்கப் புலம்பிக்கொண்டு வந்தாள். அங்கே அவரைச் சக்கரக் கதிரையில் இருத்தி, நடை பழக்குகிற இடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே வெள்ளைச் சட்டையோடு வந்தவள் அதே செம்பட்டைத் தலைமயிர்ப் பெண். அவள் சீதேவியை அடையாளம் கண்டுகொண்டாள். முதலில் சிரித்தாள். பிறகு சக்கரக் கதிரையையும் அதிலிருந்தவரின் பாதத்தையும் கண்டாள். சிரிப்பு நின்றுவிட்டது.

அவள் நிலத்தில் முழங்காலூன்றி இருந்து அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் எடுத்தாள். மெல்ல மேலே தள்ளிப் பார்த்தாள், அசையவில்லை. முழங்காலை நீட்டிப் பார்த்தாள். ஞானசுந்தரம் பல்லைக் கடித்தார். வெகுநேரம் அந்தக் காலை மடியில் வைத்தபடியே இருந்தாள். பிறகு திரேசம்மாவிடம் மெதுவாகப் பேசினாள்.

"கோவிக்க இல்லையாம்," என்று தொடங்கினாள் திரேசம்மா. "கட்டில்ல இருந்து கதிரைக்கு மாறப் பழக்கலாமாம். எதையாவது பிடிச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் நிக்கப் பழக்கலாமாம். ஆனா நடை... வெளிய போய் வாற நடை இனிக் கஷ்டமாம் சீதேவி. பங்குனியில இவரை இவவே ஆஸ்பத்திரியில நடக்கப் பாத்தவவாம். நல்லா வந்திருப்பாராம். ரொறன்ரோ எண்டு நீ சொன்னதும், அண்டைக்கு முழுக்க அந்தச் சந்தோசத்திலதான் வேலை செய்தவவாம்."

சீதேவி அங்கேயே நிலத்தில் இருந்துவிட்டாள். அழுகை வரவில்லை. ஊரில் உள்ளதைச் சொன்னாள், தம்பி போனான். இங்கே பொய்யைச் சொன்னாள், புருசனின் கால் போயிற்று. எந்தக் கதவில் எதைச் சொல்வது என்று ஒரு மனிசிக்கு எப்படித்தான் தெரியும்? ஞானசுந்தரம் கதிரையில் இருந்தபடி நல்ல கையை நீட்டி அவள் தலையில் வைத்தார். "எழும்புகா. சனம் பாக்குது," என்றார்.

மார்கழி போய்த் தை பிறந்தது. கேஸின் முடிவு இன்னும் வரவில்லை. ஞானசுந்தரம் குசினித் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சோறு கொதிக்கிற நேரத்துக்கு நிற்கப் பழகியிருந்தார். அதற்கே வேர்த்து ஒழுகும். பிறகு சாய்கதிரை. பிறகு கட்டில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரின்பநாதன் வந்தார். விசாரணைக்குப் பிறகு அவர் அடிக்கடி வந்து ஒரு மூலையில் குந்திவிட்டுப் போவார். முந்திய மாதிரி வாய் கொடுத்துக் கதைப்பதில்லை. அன்றைக்கு அவரோடு நடராசா என்று புதிதாய் வந்த ஒருவர் வந்திருந்தார். ஒட்டிப்போன கன்னம். வாசலில் நின்றே கைலேஞ்சியை வாயில் வைத்து இருமினார். இருமி முடித்துக் கைலேஞ்சியை அவசரமாய் மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்தார். மடிக்கும்போது அதில் சிவப்பு இருந்ததைச் சீதேவி கண்டுவிட்டாள்.

"எவ்வளவு நாளா இந்த இருமல்?" என்று கேட்டாள்.

"அது வந்து அக்கா... வரேக்கை ஜேர்மனியிலை குளிர் பிடிச்சது. கேஸ் முடியட்டும், பேந்து காட்டலாம் எண்டு..." நடராசா இழுத்தார். "எங்கடை அறையிலை எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுகினம். சயரோகம் எண்டு தெரிஞ்சா பிளேன் ஏத்திப்போடுவாங்களாம்."

பேரின்பநாதன் தலையைக் குனிந்துகொண்டார். அவர் இந்த முறை அந்தக் கதையைச் சொல்லவில்லைத்தான். ஆனால் ஒருக்கால் அவிழ்த்து விட்ட கதை அவரைக் கேட்டுக்கொண்டா வீடு வீடாய்ப் போகிறது? ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

சீதேவி எழும்பினாள். சாய்கதிரையில் இருந்த புருசனிடம் போனாள். "மன்னிச்சுக்கங்க," என்று ஒரு சொல்லுச் சொல்லிவிட்டு, அவர் காலில் போர்த்தியிருந்த போர்வையை இழுத்து எடுத்தாள். அந்தப் பாதத்தை ஒருவருக்கும் காட்டாமல் மூடிமூடி வைத்திருந்தவள் அவள்தான். பகல் வெளிச்சத்தில் அது வெறுமையாய், வளைந்து, நிலத்தைத் தொடாமல் தொங்கிற்று.

"இத வடிவாப் பாருங்க தம்பி," என்றாள். "போன சித்திரையில இந்தக் கால் நடந்த கால். சுவரப் பிடிச்சிக்கிட்டு, பொல்லும் இல்லாம, இந்த வாசலுக்கு வந்த கால். உதவி செய்ய வந்தவள நான் கதவோட திருப்பி அனுப்பிட்டன். ஆமிக்காரனும் அவளும் எனக்கு ஒண்டாத் தெரிஞ்சிரிக்கி."

நடராசா இருமலை அடக்கிக்கொண்டு பார்த்தார்.

"தம்பி, ஆமிக்கிட்ட ஆள ஒளிக்கிறது புத்தி. அங்க ஒளிச்சா ஆள் தப்பும். ஆனா டொக்டருக்கிட்ட வருத்தத்த ஒளிச்சா, வருத்தம்தான் தப்பும், ஆள் தப்பாது. கதைக்கிற சனத்திட்டக் கேக்காதீங்க. தெரிஞ்ச ஆளுக்கிட்ட, உரிய இடத்தில, வாயத் துறந்து கேளுங்க. நாங்க கேக்காமக் கெட்டம்."

பேரின்பநாதன் முகத்தைத் துடைத்தார். பிறகு, ஒருவரையும் பாராமல், "எனக்குச் சுகர் கிடக்கு தங்கச்சி," என்றார். "ரெண்டு வருசமா மருந்தில்லை. நானும் ஒருத்தருக்கும் காட்டேல்லை. என்ரை கேஸும் இன்னும் முடியேல்லை, எனக்கும் பயம்தான்." பொய்யன் இல்லை அவர். தன் பயத்தைத்தான் ஊருக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார்.

சீதேவி மேல்கோட்டை எடுத்துப் போட்டாள். சப்பாத்தைக் கொழுவினாள். "ரெண்டு பேரும் எழும்புங்க. ஆஸ்பத்திரி ஞாயிற்றுக்கிழமையும் துறந்துதான் இரிக்கி. திரேசம்மா அக்காவையும் கூட்டிக்கிட்டுப் போவம்." வாசலுக்குப் போனவள் அப்போதுதான் நினைவு வந்தவளாய்த் திரும்பிப் பார்த்தாள். அவரைத் தனியே விட்டுவிட்டு அவள் இதுவரை வெளியே தூரம் போனதில்லை.

ஞானசுந்தரம் நல்ல கையால் போர்வையை எடுத்து, தானே காலை மூடிக்கொண்டார்.

"என்னப் பாத்துக்கிட்டு நிக்கிறாய்? அந்த மனிசன் இருமுறான். கெதியாக் கூட்டிக்கிட்டுப் போ கா," என்றார். "நான் எங்க எழும்பிப் போகப்போறன்."